நாவறியா நஞ்சு

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 8-ஆம் நாள் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் ஓர் ஆணை பிறப்பித்தனர். பச்சை முட்டையைக் கொண்டு செய்யப்படும் மயோனைஸ் என்னும் உணவுப் பொருளை அந்நாள் முதல் ஓராண்டுக் காலத்திற்கு மாநிலத்தில் எவரும் செய்தலும், சேமித்தலும், விற்றலும் கூடாது என்பதே அவ்வாணையின் சாரம். இதற்கு முன்னரே கேரள அரசாங்கத்தார் 2023-ஆம் ஆண்டு ஜனவரியிலும், தெலுங்கானா அரசாங்கத்தார் 2024-ஆம் ஆண்டு அக்டோபரிலும் இத்தகைய தடையை விதித்திருந்தனர். மதுவையும் கஞ்சாவையும் அரசாங்கம் விலக்கியதை நாம் கேட்டிருக்கிறோம். முட்டையும் எண்ணெயும் சேர்த்துக் கடைந்த ஒரு கூழை விலக்குவது வேடிக்கையன்றோ என நகைப்பாரும் உளர். அவ்வாணையிற் காரணமாகச் சுட்டப்பட்ட கிருமிகளுள் இரண்டு சால்மொனெல்லா என்னும் இனத்தைச் சேர்ந்தவை. அக்கிருமி யாது, அஃது உணவினுள் எவ்வாறு புகுகின்றது, ஒரு பாத்திரத்தினின்று பலரை எவ்வாறு அடைகின்றது என்பவற்றை அறிந்தார்க்கு அவ்வாணை வேடிக்கையாகத் தோன்றாது.

முதலாவது, நம்மிடையே வேரூன்றிய பிழைபட்ட எண்ணம் ஒன்றை நீக்கிக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் உணவைச் சோதிக்கும் கருவிகள் இரண்டே. அவை மூக்கும் நாவும். சாம்பாரில் நுரை கட்டியிருந்தாலும், சோறு நூலிழுத்தாலும், குழம்பில் ஊசிய வாடை வீசினாலும் அதனைக் கொட்டிவிடுகின்றோம். அவ்வாறு இல்லையாயின் நல்லதென்று கொண்டு உண்கின்றோம். ஆனால் உணவைக் கெடுத்து நாற்றம் எழுப்பும் கிருமிகள் ஒருவகை. உண்டாரை நோய்ப்படுத்தும் கிருமிகள் வேறொரு வகை. முன்னவை தம் வரவைத் தாமே அறிவித்துவிடுகின்றன. பின்னவையோ நிறத்தையும் மணத்தையும் சுவையையும் சிறிதும் மாற்றாமலே ஒரு கவளத்தில் லட்சக்கணக்கில் தங்கியிருக்க வல்லவை. "உண்டபோது நன்றாகத்தானே இருந்தது" என்று நோயாளர் கூறுவது முற்றும் உண்மையே. எனினும் அச்சான்று இவ்வழக்கிற் செல்லாது.

சால்மொனெல்லா என்னும் பெயர் சால்மன் என்னும் மீனினின்று வந்ததன்று. அமெரிக்க நாட்டுக் கால்நடைத் துறைக்குத் தலைவராயிருந்த டேனியல் எல்மர் சால்மன் என்பாரின் பெயரால் வந்தது. 1885-ஆம் ஆண்டு, பன்றிகளைக் கூட்டங்கூட்டமாக மாய்த்த ஒரு நோயை ஆராய்கையில், அவர்தம் உதவியாளராகிய தியோபால்டு ஸ்மித் இக்கிருமியைப் பிரித்தெடுத்தார். உழைத்தவர் உதவியாளர், பெயர் பெற்றவர் தலைவர். இத்தகைய நீதி ஆராய்ச்சிக் கூடங்களில் மட்டுமே வழங்குவதன்று. இதிற் பின்னும் ஒரு விந்தை உண்டு. அப்பன்றி நோய்க்கு மெய்யான காரணம் இக்கிருமியன்று, ஒரு வைரஸ் என்பது சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின்னர்த் தெளிவாயிற்று. மனிதர் உண்ணும் உணவுக்கும் இவ்வினத்திற்கும் உள்ள தொடர்பை நாட்டியவர் ஜெர்மன் தேசத்து ஆகஸ்டு கேர்ட்னர். 1888-ஆம் ஆண்டு பிராங்கன்ஹௌசன் என்னும் ஊரில் நோயுற்ற பசு ஒன்றை அறுத்து, அதன் இறைச்சியை உண்டவர் பலர் வயிற்றுநோய்க்கு ஆளாயினர், ஒருவர் மாண்டார். அவ்விறைச்சியிலும் மாண்டவர் உடலிலும் ஒரே கிருமி இருப்பதைக் கேர்ட்னர் கண்டார்.

குறுங்கோல் வடிவுடைய இக்கிருமியின் நீளம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறாக்கினால் அவற்றுள் இரண்டு முதல் ஐந்து கூறு அளவினது. உடலைச் சூழ்ந்த சாட்டை போன்ற இழைகளைச் சுழற்றி நீந்துவது. இன்று இதில் 2,500-க்கு மேற்பட்ட வகைகள் பிரித்தறியப்பட்டுள்ளன. கண்டெடுத்த ஊரின் பெயரையே வகைக்குச் சூட்டுவது வழக்கமாதலின், நம் நாட்டுப் பரேலி நகரமும் இக்குலத்தில் தன் பெயரைப் பெற்றுள்ளது. எந்நகரத்தாரும் விரும்பாத புகழ் அது. 2012-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் இந்தப் பரேலி வகையாலும் அதனோடு சேர்ந்த மற்றொரு வகையாலும் 425 பேர் நோயுற்றனர். இந்தியாவிலிருந்து உறைந்த நிலையில் ஏற்றுமதியான சூரை மீனின் பச்சைத் தசையே அதற்கு ஏதுவென்று கண்டனர். உறைபனி இக்கிருமியைத் துயில வைக்குமேயன்றி முற்றும் கொல்லாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

இக்கிருமியின் இயல்பான உறைவிடம் விலங்குகள், பறவைகள் இவற்றின் குடலாகும். கோழியின் குடலில் இஃது இருந்தாலும் கோழி பெரும்பாலும் யாதொரு நோய்க்குறியும் காட்டுவதில்லை. இரை தின்னும், முட்டையிடும், எடையும் ஏறும். முட்டைக்குள் இக்கிருமி புகுவதற்கு வழிகள் இரண்டு. எச்சம் பட்ட ஓட்டின் ஆயிரக்கணக்கான நுண்துளைகளின் வழியே உட்புகுதல் ஒன்று. எண்டெரிடிடிஸ் என்னும் வகை கோழியின் சினைப்பையிலும் முட்டைக் குழாயிலும் தங்கி, ஓடு உருவாகுமுன்னரே கருவோடு சேர்ந்துவிடுதல் மற்றொன்று. ஆகவே, விரிசலில்லாத, கழுவித் துடைத்த, அன்று காலையில் இட்ட முட்டையும் ஐயத்திற்கு விலக்கன்று. 1988-ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை இளநிலை அமைச்சராயிருந்த எட்வினா கரி என்னும் பெண்மணி, தம் நாட்டு முட்டை உற்பத்தியிற் பெரும்பகுதி இக்கிருமியால் தீண்டப்பட்டது என்று பேசிவிட்டார். முட்டை வாணிகம் சரிந்தது. அவர் பதவி துறக்க நேர்ந்தது. அவர் கூற்றில் மிகை உண்டெனினும் அடிப்படை உண்டு. பின்னர் அந்நாட்டார் கோழிகளுக்குத் தடுப்பூசி இடத் தொடங்கியதும் நோயாளர் தொகை பெரிதும் குறைந்தது.

கிருமியுள்ள முட்டைகள் மொத்தத்தில் மிகச் சிலவே. ஒருவன் ஒரு முட்டையை அவித்து உண்பானாயின் கிருமி வெந்நீரிலேயே மடியும். அரைவேக்காடாக உண்பினும் தீங்கு அவன் ஒருவனோடு நின்றுவிடும். மயோனைஸ் செய்பவனோ பல முட்டைகளை ஒரே கலத்தில் உடைத்து ஊற்றுகிறான். அவற்றுள் ஒன்றிற் கிருமி இருந்தாலும் அது கலம் முழுவதும் பரவுகின்றது. அக்கலத்தினின்று நூறு பேருக்குப் பரிமாறப்படுகின்றது. அதற்கு அடுப்பு என்பதே கிடையாது. வினிகர் போதிய அளவு சேர்ந்தால் அதன் புளிப்புக் கிருமியை அடக்கும். ஆனால் வாங்குவோர் நாவுக்குப் புளிப்பு உவப்பன்று என்று கருதி அதனைக் குறைத்துவிடுவாரும் உண்டு. எண்ணெயாகிய கொழுப்போ, இரைப்பையின் அமிலத்தினின்று கிருமியைப் போர்த்துக் காக்கும் கவசமாகிறது. இவ்வளவு வசதிகளையும் ஒருங்கே பெற்ற உணவு வேறொன்றை எளிதிற் காட்டுதல் அரிது.

மயோனைஸுக்குத் துணையாக வருவது ஷவர்மா. தாம்பரத்தினின்று குரோம்பேட்டை, பல்லாவரம் வழியாகச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் மாலை வேளையில் நடப்பவர் எவரும் இதனைக் கண்டிருப்பர். நெடிய கம்பியிற் கோழித்தசையை அடுக்கடுக்காகக் குத்தி, பக்கத்தில் எரியும் அனலின் எதிரே சுழலவிட்டு, வெந்த மேற்பரப்பை மட்டும் சீவி எடுத்துத் தருகின்றனர். இம்முறை தன்னளவிற் குற்றமுடையதன்று. வாங்குவோர் ஓரிருவராயின் ஒவ்வோர் அடுக்கும் வேகும்வரை காத்திருக்கலாம். கூட்டம் நெருக்கும்போது கத்தி அனலை முந்துகின்றது. வேகாத அடுக்கும் சீவப்படுகின்றது. கடை சிறிது ஓய்ந்திருக்கும்போது அனலைத் தணித்துவிட்டால், உள்ளடுக்குகள் இளஞ்சூட்டிலேயே மணிக்கணக்காக நிற்கின்றன. 2022-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கேரளத்துக் காசர்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த செறுவத்தூரில் ஷவர்மா உண்டவர் பலர் நோயுற்றனர். பள்ளி மாணவி ஒருத்தி உயிரிழந்தாள். நோயாளரிடம் ஷிகெல்லா என்னும் வேறொரு கிருமி காணப்பட்டது. அக்கடையின் ஷவர்மாவைச் சோதித்தபோது ஷிகெல்லாவோடு சால்மொனெல்லாவும் இருந்தது. இவற்றினும் வியப்பானது யாதெனில், அங்கிருந்த மிளகுப் பொடியிலும் சால்மொனெல்லா இருந்ததே. உலர்ந்த பொருளிற் கிருமி வாழாது என்று எண்ணுகின்றோம். இக்கிருமியோ ஈரமின்றி மாதக்கணக்கிற் சோர்ந்து கிடந்து, ஈரம் பட்டவுடன் எழ வல்லது. வெந்த உணவின்மீது இறுதியில் தூவும் பொடி மீண்டும் அடுப்பைக் காண்பதில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் நம் நாமக்கல்லிலும் ஷவர்மா முதலியவற்றை உண்டபின் 14 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். 40-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர்.

இனிக் கிருமி பெருகும் கணக்கைப் பார்ப்போம். இங்குக் கூறும் பாகைகள் யாவும் சென்டிகிரேடு அளவின. 5 பாகைக்குக் கீழே சால்மொனெல்லா பெருகுவதில்லை. 60 பாகைக்கு மேலே நிலைத்து வாழ்வதில்லை. 75 பாகைச் சூடு உணவின் நடுவிடத்தை எட்டினால் நொடிகளில் மாள்கின்றது. இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட வெப்பமே ஆபத்தானது. அதிலும் நம் உடற்சூடாகிய 37 பாகையே அதற்கு மிக உகந்தது. அந்நிலையில் ஒரு கிருமி சுமார் 20 நிமிடத்தில் இரண்டாகின்றது. சதுரங்கப் பலகையில் நெல்லை இரட்டித்து வைத்த கதையை நாம் அறிவோம். பெருகத் தொடங்கிய ஒரு கிருமி 4 மணி நேரத்தில் 4,096 ஆகும்; 6 மணி நேரத்தில் 2,62,144 ஆகும். தொடங்கியவை நூறாயின் கணக்கை வாசகரே பெருக்கிக்கொள்ளலாம். சென்னையைச் சார்ந்த நம் புறநகர்களில் ஆண்டின் பெரும்பகுதியில் பகல்வெப்பம் 30 பாகைக்கு மேற்பட்டே நிற்கின்றது. கிருமிக்கு வேறு அடைகாப்புப் பெட்டி வேண்டுவதில்லை.

பெரும் பாத்திரங்களைப்பற்றி இங்கே சிறிது விரித்துக் கூற வேண்டும். திருமண வீடுகளிலும் விடுதிகளிலும் நூற்றுக்கணக்கானவர்க்கு ஒரே தேக்சாவிற் பிரியாணி சமைக்கின்றனர். சிறு கிண்ணத்துச் சோறு அரை மணியில் ஆறிவிடும். பெருங்கலத்தின் நடுவிலுள்ள சோறோ ஆறுவதற்குப் பல மணி நேரம் கொள்ளும். உருவம் பெருகப் பெருக, உள்ளிருக்கும் பொருளை நோக்க வெளிப்பரப்புக் குறைகின்றது என்பது கணிதம் பயின்றார் அறிந்ததே. காலையில் இறக்கிய கலம் பிற்பகலிலும் தொட்டால் வெதுவெதுப்பாயிருப்பதைக் கண்டு, "இன்னும் சூடாகவே உள்ளது" என்று மகிழ்கின்றோம். அவ்வெதுவெதுப்பே கிருமி விரும்பும் வெப்பம். வெந்த பிரியாணியிற் சால்மொனெல்லா எங்கிருந்து வந்தது எனின், பல வேளைகளில் அது பிரியாணியிலேயே தொடங்குவதில்லை. பச்சைக் கோழியை வெட்டிய கட்டையிலும் கத்தியிலும், அதைக் கழுவும்போது தெறித்த நீர்த்துளிகளிலும், கைதுடைத்த கந்தைத் துணியிலும் அது தங்குகின்றது. பின்னர் அதே கட்டையில் வெங்காயம் நறுக்கப்படுகின்றது. நறுக்கிய வெங்காயம் தயிரில் விழுந்து பச்சடியாகின்றது. கோழி அடுப்பேறித் தூய்மை பெற்றது. அதன் அழுக்கைச் சுமந்த வெங்காயம் பச்சையாகவே இலைக்கு வந்தது. கோழிக்கறியைத் தொடாமல் பச்சடியை மட்டும் உண்டவரும் நோயுறுவது இவ்வாறே.

சோற்றிற்கு உரிய பகை மற்றொன்றும் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் மாளாமல், வடித்த சோறு வெதுவெதுப்பாய் நிற்கையில் முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. மீந்த சோற்றை மறுநாள் வாணலியிற் புரட்டி விற்பதில் உள்ள இடர் இதுவே. அப்படியாயின் நம் பாட்டிமார் உண்ட பழையது எங்ஙனம் கெடுதல் செய்யாதிருந்தது என்று கேட்கலாம். நீரூற்றிய சோறு விரைவிற் குளிர்ந்து, பாலைப் புளிக்கச் செய்யும் இனத்துக் கிருமிகளால் புளிப்பேறுகின்றது. அப்புளிப்புத் தீய கிருமிகளை ஒடுக்குகின்றது. பழையதும் மீந்த பிரியாணியும் ஒன்றல்ல.

உடலிற் புகுந்த சால்மொனெல்லாவுக்கு முதற்காவல் இரைப்பையின் அமிலம். உண்டவற்றுட் பல அங்கேயே மடிகின்றன. ஆதலின் நல்லுடம்பினரை வீழ்த்தப் பெருந்தொகையான கிருமிகள் வேண்டும். கைக்குழந்தைகள், முதியோர், அமிலத்தைத் தணிக்கும் மருந்துகளை நாள்தோறும் உட்கொள்வோர் ஆகிய இவர்களுக்குச் சிறுதொகையும் போதும். எய்ட்ஸ் நோயால் எதிர்ப்பாற்றல் குன்றியவரிடம் இது குடலோடு நில்லாமல் குருதியிற் கலந்து மீண்டும் மீண்டும் காய்ச்சலை விளைக்கும். அந்நோயாளர்க்குப் பெருமளவிற் சிகிச்சை அளித்து வரும் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை நம் அண்டையிலேயே இருத்தலால் இதனைக் குறித்தோம். சிறுகுடலை அடைந்த கிருமி ஊசி போன்ற ஓர் உறுப்பால் குடற்சுவரின் உயிரணுக்களுக்குள் சில புரதங்களைச் செலுத்துகின்றது. அதனால் மயங்கிய உயிரணு, தன் மேற்பரப்பைத் திரைத்துக் கிருமியைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கின்றது. கதவை உடைக்காமல் வீட்டுக்காரனைக்கொண்டே திறக்கச் செய்யும் கள்வனை இஃது ஒக்கும். பின்னர் எழும் அழற்சியே காய்ச்சலும், வயிற்றுவலியும், போக்கும் ஆகின்றது. நான்கு முதல் ஏழு நாட்களிற் பெரும்பாலோர் மருந்தின்றியே தேறுகின்றனர். இத்தகைய எளிய நோய்க்குக் கிருமிக்கொல்லி மருந்துகளை விழுங்குவது வேண்டாதது மட்டுமன்று, கிருமி உடலில் நெடுநாள் தங்குவதற்கும் இடமளிக்கலாம்.

உயிரைக் கவர்வது பெரும்பாலும் நீரிழப்பே. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுப்பதால் அவ்விழப்பை ஈடுசெய்யலாம் என்பதைப் பெருந்திரளான மக்களிடையே நடைமுறையில் மெய்ப்பித்தவர் வங்காளத்து மருத்துவர் திலீப் மகலனாபிஸ். 1971-ஆம் ஆண்டு பன்காவ் அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவி, நரம்பிற் செலுத்தும் திரவம் தீர்ந்துபோகவே, இக்கலவையைக் கலங்களில் நிரப்பி உறவினர் கையாலேயே புகட்டச் செய்து, மரணத்தைப் பெரிதும் குறைத்தார். மருந்துக் கடைகளில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொடி கிடைக்காதபோது, ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகத் தரலாம். குருதி கலந்த போக்கு, ஓயாத வாந்தி, கடுங்காய்ச்சல், சிறுநீர் குன்றல், மயக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினும், நோயாளர் குழந்தையோ முதியவரோ கர்ப்பிணியோ ஆயினும், வீட்டில் வைத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நிற்க. டைபாய்டு என்று நாம் அஞ்சும் காய்ச்சலும் இவ்வினத்துக் கிருமி ஒன்றின் செயலே. சால்மொனெல்லா டைபி எனப்படும் அது கோழியிலும் பன்றியிலும் வாழ்வதில்லை. மனிதரே அதன் ஒரே இருப்பிடம். ஆதலால் டைபாய்டு கண்ட ஒவ்வொருவரும், எங்கோ ஒரு மனிதருடைய மலத்தின் துகளை நீரோடோ உணவோடோ உட்கொண்டவர் என்பது கேட்க அருவருப்பாயினும் மறுக்க இயலாத உண்மை. நோய் தீர்ந்த சிலருடைய பித்தப்பையில் அக்கிருமி பல்லாண்டுகள் குடியிருக்கும். நியூயார்க் நகரத்துச் சமையற்காரி மேரி மாலன் அத்தகையவர். தாம் நலமாயிருக்கவே, தம்மால் நோய் பரவுகின்றது என்பதை அவர் நம்பவில்லை. 1907-இல் தனியிடத்தில் வைக்கப்பட்டு, 1910-இல் விடுவிக்கப்பட்டு, பின்னர் ஒரு மருத்துவமனையிலேயே வேறு பெயரிற் சமைக்கப் புகுந்து, 1915-இல் மீண்டும் பிடிபட்டு, 1938-இல் இறக்கும்வரை தனிமையிலேயே கழித்தார். அவரைப்போன்ற பிறர் பலர் அந்நகரிற் சுதந்திரமாக உலவ, ஏழைப் பணிப்பெண் ஒருத்தியே அவ்வளவு துன்பத்தைச் சுமந்தது நீதியாகத் தோன்றவில்லை.

நம் நாட்டில் இந்நோய் பழங்கதையன்று. 2017 முதல் 2020 வரை வேலூர் உள்ளிட்ட சில இடங்களிற் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து நடத்திய ஆராய்ச்சியில், நகர்ப்புறங்களில் ஆண்டொன்றுக்கு லட்சம் குழந்தைகளுக்கு 576 முதல் 1,173 வரை டைபாய்டு கண்டது. புனேயைச் சார்ந்த நாட்டுப்புறத்திலோ 35 மட்டுமே. நெருங்கிய வீடுகளும், விட்டுவிட்டு வரும் குழாய்நீரும் உள்ள இடமே இக்கிருமிக்கு ஏற்றது. குழாயில் நீர் அழுத்தத்தோடு எந்நேரமும் ஓடுமாயின், விரிசலின் வழியே நீர் வெளியேறுமேயன்றி அழுக்கு உட்புகாது. நீரை நிறுத்தியவுடன் குழாய் வெறுமையாகிப் பக்கத்து மண்ணில் ஊறிய கழிவை உள்ளே உறிஞ்சுகின்றது. மறுநாள் நீர் திறக்கும்போது முதலில் வருவது அதுவே. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சியை அமைத்தபோது, அவற்றுட் பல பகுதிகளிற் பாதாளச் சாக்கடை இல்லை. வீட்டுக்கு வீடு கழிவுத் தொட்டிகளே இருந்தன.

இப்பின்னணியிலேயே 2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் நிகழ்ந்ததை நோக்க வேண்டும். பல்லாவரத்தைச் சார்ந்த காமராஜர் நகர், மலைமேடு முதலிய இடங்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் வருந்திக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனை முதலியவற்றிற் சேர்க்கப்பட்டனர்; மூவர் உயிர் துறந்தனர். குடிநீரிற் கழிவுநீர் கலந்ததே காரணம் என்றனர் அங்குக் குடியிருப்போர். குடிநீரே காரணமென்று கொள்வதற்கில்லை, உண்ட உணவாகவும் இருக்கலாம் என்றார் அமைச்சர் தா. மோ. அன்பரசன். நீர் மாதிரிகள் கிண்டி கிங் நிலையத்திற்கு அனுப்பப்பட்டன. அவ்வழக்கிற்குத் தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் வேலையன்று. நீரா, உணவா என்னும் வினா, உரக்கப் பேசுபவர் பக்கம் சாய்ந்து முடியவேண்டிய வினாவன்று. முறையாகக் கேட்டால் விடை தரும் வினா என்பதையே இங்குக் கூற விரும்புகின்றோம். மாண்டவர் குடும்பத்திற்கும், அதே குழாயில் மறுநாளும் நீர் பிடிக்க வேண்டியவர்க்கும் அவ்விடை இன்றியமையாதது.

முதற்சான்று கடிகாரம். சில கிருமிகள் உணவிலேயே நஞ்சைச் சுரந்து வைத்துவிடுகின்றன. அதனை உண்டவர் ஒன்று முதல் ஆறு மணி நேரத்துள் வாந்தியெடுப்பர். சால்மொனெல்லாவோ உடலுட் புகுந்து பெருகியே நோய் செய்வதாகலின் 6 முதல் 72 மணி நேரம் கொள்ளும். பெரும்பாலும் 12 முதல் 36. டைபாய்டுக்கு ஒன்று முதல் மூன்று வாரம். எல்லாரும் இறுதியாக உண்ட உணவின்மேல் பழிபோடுவது உலக இயல்பு. காலையில் வயிறு கலங்கியவர் அப்போதுண்ட இட்டலியைக் குறைகூறுகின்றார். குற்றவாளி முந்தின நாள் நண்பகல் விருந்தாயிருத்தல் கூடும். டைபாய்டு கண்டவர்க்கோ மூன்று வாரத்திற்கு முந்தைய ஊணும் நீரும் நினைவிலேயே இராது.

இரண்டாவது சான்று நோயாளர் எந்நேரத்தில், எவ்விடத்தில், எவ்வயதில் தோன்றினர் என்பது. ஒரே விருந்தில் உண்டவராயின் அவர்கள் ஒருநாள் எல்லைக்குள் திடீரெனத் திரண்டு, பின் ஓய்வர். விருந்துண்ணாத அயல்வீட்டார் நலமாயிருப்பர். நீர் காரணமாயின், விருந்தறியாத கைக்குழந்தையும் முதியோரும் உட்பட, ஒரு குறிப்பிட்ட குழாயைச் சார்ந்த வீடுகளில் நாள்தோறும் புதியவர் நோயுறுவர்; காய்ச்சிக் குடித்த வீடு தப்பியிருக்கும். 1854-ஆம் ஆண்டு லண்டன் பிராடு தெருவில் வாந்திபேதியால் மாண்டவர் வீடுகளைக் குறித்து, அவை ஒரு நீரிறைப்பானைச் சூழ்ந்திருந்ததை ஜான் ஸ்னோ காட்டியது இம்முறையாலேயே. கிருமியைக் கண்ணாற் காணுமுன்னரே அதன் வழியைக் கண்டுவிட்டார்.

மூன்றாவது சான்றுக்குக் கற்பனையாக ஒரு கணக்கைச் சொல்வோம். ஒரு விடுதியில் 200 பேர் உண்டு, 59 பேர் நோயுற்றனர் என்று கொள்க. அவர்களுள் 45 பேர் பிரியாணி உண்டவர். உடனே பிரியாணியே காரணம் என்று கூச்சலெழும். ஆனால் பிரியாணி உண்டவர் மொத்தம் 150. அவருள் நோயுற்றவர் 45, அதாவது நூற்றுக்கு 30. உண்ணாதவர் 50, அவருள்ளும் 14 பேர் நோயுற்றனர், நூற்றுக்கு 28. இரண்டிற்கும் வேறுபாடு இல்லையெனலாம். வெங்காயப் பச்சடியை நோக்குவோம். உண்டவர் 120, நோயுற்றவர் 54, நூற்றுக்கு 45. உண்ணாதவர் 80, நோயுற்றவர் 5 மட்டுமே, நூற்றுக்கு 6. கூச்சல் சுட்டியது ஒன்று. கணக்குச் சுட்டுவது மற்றொன்று.

இவற்றோடு சேர வேண்டுவது ஆய்வகச் சான்று. 1899-இல் நிறுவப்பட்ட கிண்டி கிங் நிலையம் போன்றவற்றில், நோயாளரின் மலத்தையும் ஐயத்திற்குரிய உணவையும் நீரையும் தனிப்பட்ட ஊட்டக் கூழ்களில் வளர்க்கின்றனர். சில கூழ்களிற் சால்மொனெல்லா நடுவிற் கருத்த பொட்டுடைய திரள்களாக வளர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். இதற்கு இரண்டு மூன்று நாட்கள் வேண்டும். இன்று நோயாளரிடம் கண்ட கிருமியின் மரபணு முழுவதையும் உணவிற் கண்டதன் மரபணுவோடு ஒப்பிடவும் இயலும். மேற்கூறிய சூரை மீன் வழக்கில் அம்முறையும் துணைநின்றது. ஆனால் சோதிக்கப் பொருள் வேண்டுமே. நம்மவர் நோய் கண்டவுடன் செய்வன இரண்டு: மீந்த உணவைக் கொட்டிப் பாத்திரத்தைத் துலக்கிவிடுவது; கடையிற் கேட்டு வாங்கிய கிருமிக்கொல்லி மாத்திரையை விழுங்கிவிடுவது. முன்னதால் உணவின் சான்றும், பின்னதால் உடலின் சான்றும் அழிகின்றன. பெரிய சமையற்கூடங்கள் சிலவற்றில் ஒவ்வொரு வேளை உணவிலும் ஒவ்வொரு பண்டத்தில் ஒரு சிறு பங்கை மூடிக் குளிர்பெட்டியில் இரண்டொரு நாள் வைத்திருக்கின்றனர். நூற்றுக்கணக்கானோர் உண்ணும் விடுதிகள் யாவும் இதனைக் கைக்கொள்ளலாம், செலவு ஒன்றுமில்லை. மலமாதிரியை மாத்திரை உண்ணுமுன் கொடுக்க வேண்டும். சுகாதார அலுவலர் வினாத்தாளோடு வரும்போது, நோயுறாதவர்கள் "எனக்கு ஒன்றுமில்லை" என்று விலகிச் செல்வது வழக்கம். மேற்கண்ட கணக்கிலோ, பச்சடியை உண்ணாமல் நலமாயிருந்த 75 பேரின் விடையில்லாமல் அப்பச்சடியைக் கண்டுபிடித்திருக்க முடியாது.